திரும்பி வந்த குடலிறக்கங்களை நான் எண்ணிய விதம்

என் காக்காவின் பெயருக்கு நேரே, "திரும்பியதா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதியது நான்தான். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்த அண்ணன். எழுதியதோடு விட்டேனா? நீலப் பேனையால் கீழே ஒரு கோடும் இழுத்தேன், அவ்வளவு நிச்சயம் எனக்கு. அந்த நேரம் அவருடைய அடிவயிற்றில் குடலிறக்கம் திரும்பி வந்து மாதக்கணக்காகியிருந்தது. வீட்டில் இதுபற்றி யாரும் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதனால்தான் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் திருகோணமலையில் தாதியாக வேலை செய்கிறவள். ஊர் கிண்ணியா. பாலத்தைக் கடந்து பஸ்ஸில் போய் வருவேன். ஆண்கள் சத்திரசிகிச்சை வார்ட்டிலும் செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலும் பல வருடம் நின்றிருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் குடலிறக்கக்காரர் நிறைய. தோணி தள்ளுகிறவர், நெல் மூட்டை தூக்குகிறவர், துறைமுகத்தில் பாரம் ஏற்றுகிறவர். வயிற்றுச் சுவரில் பலமில்லாத ஓர் இடத்தால் குடல் தள்ளிக்கொண்டு வரும். எழும்பி நின்றால் அரையில் ஒரு வீக்கம், படுத்தால் உள்ளே போய்விடும். ஒப்பரேஷன் செய்து அந்த இடத்தில் ஒரு வலைத்துண்டு வைத்துத் தைப்பார்கள். "எங்களுக்கே வலை போட்டுட்டாங்க மிஸ்" என்று மீன்பிடிக்காரர் சிரிப்பார்கள். அநேகமானவர்களுக்கு அதோடு சரி. சிலருக்குத் திரும்பவும் வரும்.

அந்தச் சிலர் எத்தனை பேர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமென்று யாரும் நினைத்ததும் இல்லை, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அந்த டொக்டர் கேட்கும் வரை. ஆள் மிகவும் மெதுவாகக் கதைப்பவர். அவர் வாய் திறந்தால் நாங்கள் மின்விசிறியை நிற்பாட்ட வேண்டும்.

"மிஸ், திரும்பி வந்தவங்கள் எங்களிட்ட வந்தால்தானே எங்களுக்குத் தெரியும்" என்றார் ஒருநாள். "வராதவங்கள் சுகமாய் இருக்கினமோ, கொழும்புக்குப் போட்டினமோ, பேசாமல் சகிச்சுக்கொண்டு இருக்கினமோ? அது தெரியாமல் எங்கட வேலை நல்லதெண்டு சொல்ல ஏலாது."

அந்த வேலையை என்னிடம் தந்தார். ஒப்பரேஷன் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து, ஒவ்வொருவரையும் போனில் பிடித்துக் கேட்க வேண்டும். என்னைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் இருந்தது. எனக்கு எல்லா ஊர் ஆட்களையும் தெரியும், வாயும் இருக்கிறது.

வாய் என்றால் சும்மா வாய் இல்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். சுகமில்லாத ஆளைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை, சொன்னதைக் கேட்காத ஆளைப் பார்த்துத்தான் வரும். தோப்பூர் வயல்காரர் ஒருவர் தையல் பிரிக்க வந்தபோது, அவருடைய பெல்ட்டில் உழவு மெஷின் சாவி தொங்கியது. மூன்று மாதத்துக்குப் பாரமான வேலை செய்யப்படாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பிய ஆள். நான் சாவியைப் பறித்து அவருடைய மனைவியின் கையில் கொடுத்து, முழு கிளினிக்கும் பார்த்திருக்க ஏசினேன். மனுசன் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் செய்தது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

காக்காவுக்கும் அதே வாய்தான். அவர் எங்கள் ஊரில் மீன்பிடிக்கிறவர், சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் போட் வைத்திருந்தார். கடலுக்குப் போய் வந்தால் எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். கரையில் விட்டால் காலையில் இருக்காது. ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும்போது நான் விரலை நீட்டிச் சொன்னேன்: "எஞ்சின் தூக்கினீங்க எண்டு கேள்விப்பட்டன், அந்த எஞ்சினைக் கொண்டு போய்க் கடல்ல போட்டுருவன்." என்னை விடப் பதினொரு வயது மூத்தவர், வாப்பா மௌத்தான பிறகு என்னைப் படிக்க வைத்தவர். "சரி சரி, பெரிய டொக்டரம்மா" என்று சிரித்துக்கொண்டு போனார்.

கிளினிக் பக்கத்தில் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய ஒரு சின்ன அறை எனக்குக் கிடைத்தது. ஒரு கதிரை, ஒரு போன், பதிவுப் புத்தகம். பெரிய தாளில் கோடு போட்டு, பெயர், ஊர், எந்தப் பக்கம், வலை வைத்ததா என்று எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு மேலே "திரும்பியதா?" என்று போட்டேன். வேலை முடிந்த பின்னேரங்களில் ஒவ்வொரு ஆளாகப் போனில் எடுத்தேன்.

புல்மோட்டைக்கு எடுத்தால் அந்த ஆளின் மனைவி போனை எடுத்து, "இஞ்ச, ஆஸ்பத்திரி மிஸ்" என்று கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். பின்னால் பிள்ளைகள் சத்தம், டிவி சத்தம், மாமியார் இருமுகிற சத்தம். அந்தச் சபையில் நான் ஒரு மனுசனிடம் அவருடைய அரையைப் பற்றிக் கேட்க வேண்டும். "இல்ல மிஸ், ஒண்டும் இல்ல" என்று போனை வைத்துவிடுவார். பாலையூற்றில் ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர், "கடவுள் புண்ணியத்தில சுகம், டொக்டரிட்ட நான் கேட்டதாய்ச் சொல்லுங்கோ" என்றார். கிண்ணியா, மூதூர் பக்கம் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே பதில்: "அல்ஹம்துலில்லாஹ், சுகம்." காய்ச்சலில் கிடந்தாலும், வலை அறுந்து போனாலும் நாங்கள் அதைத்தான் சொல்லுவோம். அது அல்லாஹ்வுக்குச் சொல்லுகிற சொல், தாதிக்குச் சொல்லுகிற பதில் இல்லை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து நானே சொல்லி வளர்ந்தது. ஆனாலும் தாளில் "இல்லை" என்று எழுதினேன்.

கிண்ணியாவில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "மிஸ், நீங்க எங்கட ஊர்ப் பிள்ளை, உங்கள நாங்க விடுவமா? ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றார். என்னத்துக்கு இந்த மனுசன் இப்படிக் கதைக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு அடுத்த நம்பரை எடுத்தேன்.

காக்காவையும் போனில்தான் கேட்டேன். ஒரே ஊர், நாலு வளவு தள்ளி வீடு. ஆனால் ஒரு தங்கச்சி காக்காவின் முகத்தைப் பார்த்து அதைக் கேட்க ஏலுமா?

"காக்கா, அந்த வருத்தம் திரும்பி வந்திரிக்கா?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒண்டும் இல்ல புள்ள."

"எஞ்சின் தூக்குறதா?"

"ச்சீ, கூட வாறவனுகள் தூக்குவானுகள். என்ட பேருக்கு நேரே வடிவா எழுதிக்க."

வடிவாகத்தான் எழுதினேன்.

தாள் நிரம்பியதும் தலைகால் தெரியாத சந்தோசத்தில் டொக்டரிடம் கொண்டு போனேன். மேலிருந்து கீழ் வரை "இல்லை, இல்லை, இல்லை". ஒரு "ஓம்" கிடையாது. அவர் நெடுநேரம் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் பார்த்தார்.

"ஒருத்தருக்கும் திரும்பேல்லையோ மிஸ்?"

"இல்ல சேர்."

"உலகத்தில ஒரு டொக்டருக்கும் இப்பிடி வாறதில்லை. நான் அவ்வளவு கெட்டிக்காரனும் இல்லை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நான் பொய் எழுதினனான் எண்டு சொல்லுறீங்களா சேர்?"

"நீங்கள் பொய் எழுதேல்லை. ஆனால் போனில சுகம் எண்டு சொல்லுறது மரியாதைக்குச் சொல்லுற கதை. ஆளை நிக்க வைச்சு, இருமச் சொல்லி, விரலை வைச்சுப் பார்த்தால்தான் அது அளந்த மாதிரி."

பல பின்னேரங்கள் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே புழுங்கிக்கொண்டு இருந்தவள் நான். விடுவேனா? "சேர், இந்தத் தாளில என்ட சொந்தக் காக்கா இரிக்கார். அவரும் சுகமெண்டுதான் சொன்னவர். செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு வாறன், நீங்களே விரலை வைச்சுப் பாருங்க. அவர்ர சொல் சரியெண்டா என்ட தாளும் சரிதானே?" என்றேன். டொக்டர் சிரிக்கவில்லை. "வரட்டும், பாப்பம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு காக்கா வீட்டுக்குப் போனேன். மதினி பாரை மீன் ஆணமும் பொரியலும் வைத்திருந்தா. மதினி என்றது காக்காவின் மனைவி, அதிகம் கதைக்காத மனுசி. நான் சாப்பிட்டுக்கொண்டே விசயத்தைச் சொன்னேன். மதினியின் கை சோற்றுச் சட்டிக்குள் நின்றது. அவ காக்காவைப் பார்த்தா, காக்கா சட்டியைப் பார்த்தார்.

"என்னத்துக்குப் புள்ள? நான்தான் சுகமா இரிக்கேனே" என்றார்.

"சுகமெண்டா வந்து காட்டுங்களேன். என்ட மானத்தக் காப்பாத்துங்களேன்."

"ஒரு மனுசன சாரத்த அவுக்கச் சொல்லுறதா உன்ட மானத்தக் காப்பாத்துறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்ததில் அவருக்குப் புரையேறி இருமல் வந்தது. இருமும்போது அவருடைய வலது கை மடியில் கிடந்த துவாய்க்குக் கீழே போய் அரையை அழுத்திப் பிடித்தது. இருமல் நின்றதும் கை மேலே வந்து தண்ணீர்க் கோப்பையை எடுத்தது. அதை நான் கண்டேன். இருமும்போது ஒரு ஆம்பிளையின் கை எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பேன். அன்றைக்கு நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிய விருப்பமில்லை, அதுதான் உண்மை. "செவ்வாய் கட்டாயம் வாறன்" என்று சொன்னார், நான் எழும்பி வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வரவில்லை. கிளினிக் முடியும் வரை வாசலைப் பார்த்துப் பார்த்து இருந்தேன். டொக்டர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். போனை எடுத்து, காக்கா என்றும் பார்க்காமல் கிழித்தேன். "என்ட முகத்தில கரி பூசிட்டீங்க. ஒரு சொல்லுக்கு மதிப்பில்லாத ஆளா நீங்க? இனி சுகமில்லையெண்டு என்ட வார்ட்டுப் பக்கம் வராதீங்க!" "கோவிக்காத புள்ள" என்றார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை நான் வேலையில் இருக்கும்போது மதினியிடமிருந்து போன் வந்தது. ஒரே அழுகை. விடியற்காலையிலிருந்து சத்தியெடுத்துக்கொண்டே இருக்கிறார், வயிறு ஊதிக்கிடக்கு, அந்த இடம் உள்ளே போகுதில்லை, வேன் பிடித்துக்கொண்டு வருகிறோம் என்றா. "எந்த இடம்?" என்று கேட்டேன். அல்லாஹ்வே, அதையும் கேட்டேன்.

ட்ரொலியில் கொண்டு வந்தார்கள். முகம் சாம்பல் நிறம், நாக்கு காய்ந்து கிடந்தது. நான் சாரத்தை விலக்கினேன். தங்கச்சி என்ற வெட்கமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. இடுப்பைச் சுற்றி ஒரு தழும்பு. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, துணியை மடித்து வைத்து, அதை உள்ளே அழுத்திக் கட்டியிருக்கிறார், எத்தனையோ நாளாக. கட்டு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வீக்கம் கல்லுப் போல் நின்றது, தோல் சிவந்திருந்தது. காக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். குடல் அந்த ஓட்டைக்குள் நெரிபட்டால் இரத்தம் போகாமல் செத்துப்போகும், குடல் செத்தால் ஆளும் போகலாம். நான் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறேன்! டொக்டர் ஓடி வந்தார், ஒரு தரம் கை வைத்தார். "உடன தியேட்டருக்கு எடுங்கோ" என்றார். அவர் சத்தமாகக் கதைத்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

தியேட்டர் வாசலில் மதினியும் நானும் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பயத்தோடு கோபமும் வந்தது. "உங்களுக்குத் தெரியும், என்ன? தெரிஞ்சும் எனக்கு மறைச்சிட்டீங்க. நான் ஏசுவன் எண்டு பயமா?" என்று கேட்டேன்.

மதினி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. "உங்கட ஏச்சுக்கு ஆரு பயம்? அவர் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்" என்றா. "அவர் பயந்தது உங்களுக்காக."

"எனக்காகவா?"

"ஆஸ்பத்திரியில இருந்து ஒவ்வொரு ஆளா எடுத்து, ஒப்பரேஷன் சரியா பிழையா எண்டு கேக்குறாங்க எண்டு கரையெல்லாம் கதை. நீங்க சனத்த ஏசுறீங்க எண்டு ஆரோ மேலுக்குப் பெட்டிசம் போட்டுட்டாங்க, உங்களுக்கு மேல விசாரணை நடக்குது எண்டு அவர் நினைச்சிட்டார். உங்களையே போன் எடுக்க வச்சு, டொக்டர் பக்கத்தில இருந்து காது குடுக்கிறார் எண்டு. ஒருத்தன் பிழையெண்டு சொன்னாலும் தங்கச்சிட வேலை போயிரும் எண்டு சொன்னார்."

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய கதை, வரவில்லை. அரசாங்க வேலையில் இருக்கிற எவருக்கும் தெரியும், எங்கள் நாட்டில் மேலிடத்திலிருந்து யாரும் சும்மா சுகம் விசாரிப்பதில்லை. ஒருவரைப் பற்றிக் கேட்டால் அவருக்கு எதிராக ஏதோ ஒரு கடிதம் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். நல்ல மனசுக்காரர் அப்போது என்ன செய்வார்கள்? நல்லதைச் சொல்லிவிடுவார்கள்.

மதினி இன்னும் முடிக்கவில்லை. காக்கா மோட்டர்சைக்கிளில் கரை நீளம் போயிருக்கிறார். ஒப்பரேஷன் செய்த ஆள் யார் யார் என்று தேடிப் பிடித்து, மூதூர் வரைக்கும் போய், "என்ட தங்கச்சி கேட்டா சுகமெண்டு சொல்லுங்க, அவள் வாய்தான் பொல்லாது, மனசு நல்லம்" என்று கெஞ்சியிருக்கிறார். அவருக்குத் தனக்குத் திரும்பி வந்தது அதற்கு முன்பே தெரியும். என்னைப் படிக்க வைத்த அதே மனுசன், கிளினிக்குக்குப் போனால் தன்னாலே நான் மாட்டுவேன் என்று டியூபை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார். நானோ வார்ட்டுப் பக்கம் வராதீங்க என்று சொன்னேன்.

கன நேரத்துக்குப் பிறகு டொக்டர் வெளியே வந்தார். "ஒரு துண்டுக் குடல் கறுத்துப் போட்டுது, வெட்டி எடுத்திட்டன். தப்பிட்டார் எண்டு இண்டைக்குச் சொல்ல மாட்டன். ரெண்டு மூண்டு நாள் போகோணும்" என்றார். நான் அவரிடம், "சேர், அந்தத் தாள் முழுக்கப் பிழை" என்றேன். மதினி சொன்னதெல்லாம் சொன்னேன். அவர் நின்று கேட்டார். "அதைப் பிறகு பாப்பம். முதல்ல அண்ணரைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் நான் வீட்டுக்குப் போகவில்லை. என் முறை முடிந்ததும் காக்காவின் கட்டிலடியில் போய் நிற்பேன். காய்ச்சல் ஏறியது, இறங்கியது, திரும்பவும் ஏறியது. மூக்கில் குழாய், கையில் சேலைன். முனகுவார், கண் திறப்பார், ஆனால் ஆளைத் தெரியாது. தொழுதேன், அழுதேன், பக்கத்துக் கட்டில் ஆட்களை ஒரு சொல் ஏசவில்லை. அவர்கள்தான் என்னைப் பார்த்துப் பயந்தார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, காக்கா எழும்பி என்னை நல்லா ஏச வேண்டும். வாழ்க்கையில் ஒரு தரம் கூட அவர் என்னை ஏசியதில்லை.

நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. நான் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கிட்டக் கொண்டு போனேன்.

"உனக்கு வேலையில ஏதும் பிரச்சினை வந்திச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"டொக்டர் ஏசினாரா?"

"இல்ல காக்கா. விசாரணை ஒண்டும் இல்ல. பெட்டிசமும் இல்ல. திரும்பி வாறது எத்தின பேருக்கு எண்டு எண்ணத்தான் கேட்டது. வந்தவங்களுக்குத் திரும்பச் செய்யிறதுக்கு."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். நான் ஏதோ பெரிய செய்தி சொன்ன மாதிரி அவருடைய முகம் இளகியது. "அப்ப அவனுகளுக்கு ஆள் அனுப்பு" என்றார். "இனி உண்மையச் சொல்லலாம் எண்டு நான் சொன்னதாச் சொல்லு."

மதினியின் தம்பிதான் கரைக்குப் போய்ச் சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் கிளினிக் கதவைத் திறந்தபோது, வாங்குகளில் இடமில்லாமல் ஆம்பிளைகள் வெளி மதில் வரைக்கும் நின்றார்கள்.